ஆறு பேருக்குச் சைனீஸ் சமைப்பதென்றால்: மும்பை வீட்டு அடுப்புக்கு எது ஒத்துவரும்?

ஞாயிற்றுக்கிழமை மாலை உறவினர் நான்கைந்து பேர் வருகிறார்கள், பிள்ளைகள் சைனீஸ்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறார்கள் என்றால், மாட்டுங்காவிலிருந்து முலுண்டு வரையுள்ள தமிழ்க் குடும்பங்களில் முதலில் எழும் கேள்வி, வெளியிலிருந்து வரவழைப்பதா, வீட்டிலேயே செய்வதா என்பதுதான். வீட்டிலேயே என்று முடிவான பிறகு, என்ன செய்வது என்ற அடுத்த கேள்வியைப் பெரும்பாலோர் நாக்கின் ஆசைப்படியே தீர்த்துவிடுகிறார்கள்: தொடக்கத்துக்குக் கோபி மஞ்சூரியன், வயிறு நிறைய ஹக்கா நூடுல்ஸ். இரண்டும் ருசியில் குறைவில்லாதவை. ஆனால் வீட்டு அடுப்பில், ஆறு பேருக்கு, ஒரே ஆள் சமைக்கும்போது எளிதில் கெட்டுப்போவதும் இவை இரண்டும்தான். ஆகவே ருசியோடு இன்னோர் அளவுகோலையும் சேர்த்து இந்த ஒப்பீட்டைச் செய்கிறேன்: அடுப்பிலிருந்து இறங்கிய பண்டம் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கும்? உணவகத்தில் ஒருவர் வாணலியைச் சுழற்றுகிறார், இன்னொருவர் தட்டை மேசைக்குக் கொண்டுபோகிறார். வீட்டில் பொரிப்பவரும் கிளறுபவரும் பரிமாறுபவரும் ஒருவரே. அவரும் மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

வெளியிலிருந்து வரவழைப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மூடிய டப்பாவுக்குள் தன் ஆவியிலேயே ஊறிக்கொண்டு வரும் பொரித்த பண்டத்தில் மொறுமொறுப்பு இருக்காது. நிறத்தைப் பற்றியும் யோசிக்க வேண்டும். கோபி மஞ்சூரியன் மாதிரிகளில் டார்ட்ரசின், சன்செட் யெல்லோ, கார்மோய்சின் போன்ற நிறமிகள் கண்டறியப்பட்டதால், 2024 மார்ச்சில் கர்நாடக அரசு அதில் செயற்கை நிறமிகள் சேர்ப்பதைத் தடை செய்தது. அந்த ஆணை மகாராஷ்டிரத்தைக் கட்டுப்படுத்தாது என்றாலும், தெருமுனை வண்டியில் அடர்சிவப்பாக மின்னும் மஞ்சூரியனைப் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கும்முன் நினைத்துப் பார்க்க வேண்டிய செய்திதான். வீட்டில் அதே சிவப்பைக் காஷ்மீரி மிளகாய்த்தூளே தந்துவிடும்.

வீட்டில் செய்வதற்கு அஞ்ச வேண்டியதும் இல்லை. நாம் சைனீஸ் என்று சொல்லும் இந்தச் சமையல், கொல்கத்தாவில் குடியேறிய சீன மக்களின் அடுப்படியில் இந்திய நாக்குக்கேற்ப உருமாறி, பின்பு மும்பையில் செழித்தது. கொல்கத்தாவில் பிறந்த நெல்சன் வாங் 1975-இல் மும்பை கிரிக்கெட் கிளப் ஆஃப் இந்தியாவில் சமைத்துக்கொண்டிருந்தபோது, இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாயை வதக்கி, கரம் மசாலாவுக்குப் பதிலாகச் சோயா சாஸும் கார்ன்ஃப்ளாரும் சேர்த்துச் சிக்கன் மஞ்சூரியனை உருவாக்கினார் என்பதே பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. அந்த வாணலியில் இருந்ததில் பெரும்பகுதி நம் வீட்டிலும் எப்போதும் இருப்பதுதான். புதிதாக வாங்க வேண்டியவை சோயா சாஸ், வினிகர், கார்ன்ஃப்ளார் மூன்றே. கார்ன்ஃப்ளார் வாங்கும்போது வெள்ளை வெளேரென்று வழவழப்பாக இருப்பதைப் பார்த்து வாங்க வேண்டும். ரொட்டிக்காக விற்கும் மஞ்சள் மக்காச்சோள மாவு இதற்கு ஆகாது.

முதலில் தொடக்கப் பண்டங்களை எடுத்துக்கொள்வோம். கோபி மஞ்சூரியன் சரியாக அமைந்தால் அதற்கு இணையில்லை. ஆனால் காலிஃபிளவர் தன்னுள் ஏராளமான நீரை வைத்திருக்கும் காய். பொரிக்கும்போது வெளி மாவு இறுகுகிறது. உள்ளே காய் வெந்து ஆவியை வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. எண்ணெயிலிருந்து எடுத்த பிறகும் அந்த ஆவி நிற்பதில்லை. உள்ளிருந்து மாவை நனைத்துக்கொண்டே இருக்கும். அதன்மேல் சாஸையும் ஊற்றிப் புரட்டினால், இரு பக்கமும் ஈரம் தாக்கி, பத்து நிமிடத்துக்குள் மொறுமொறுப்பு போய்விடும். மும்பையின் மழைக்காலத்தில் காற்றின் ஈரமும் சேர்ந்துகொள்வதால், அந்தப் பத்து நிமிடமும் நிச்சயமில்லை. நவம்பர் முதல் பிப்ரவரி வரை சந்தைக்கு வரும் இறுக்கமான, கனமான பூக்களுக்கும், ஜூலையில் வரும் தளர்ந்த பூக்களுக்கும் வாணலியில் தெரியும் வேறுபாடு மிகப் பெரியது. மழைக்காலத்தில் கோபியைத் தவிர்ப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

குளிர்காலத்தில் செய்யத்தான் வேண்டும் என்றால், கவனம் முழுவதும் மாவு போடுவதற்கு முந்தைய கட்டத்தில் இருக்க வேண்டும். பூக்களை உப்புப் போட்ட கொதிநீரில் இரண்டு நிமிடம் மட்டும் வைத்து வடித்து, பருத்தித் துணியில் காம்பு மேல்நோக்கி இருக்கும்படி கவிழ்த்து வைக்க வேண்டும். பூவின் நுண்ணிய இடுக்குகளில் தங்கும் நீர் அப்போதுதான் துணியில் இறங்கும். கால்மணி நேரம் கழித்துப் பார்த்தால், ஒவ்வொரு பூவின் கீழும் துணி வட்டமாக நனைந்திருப்பது தெரியும். அந்த நீர் மாவோடு எண்ணெய்க்குள் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. மைதா அரைக் கோப்பைக்குக் கார்ன்ஃப்ளார் கால் கோப்பை என்ற விகிதம் எனக்கு ஒத்துவருகிறது. மைதாவின் பசைத்தன்மை மாவைப் பூவோடு பிடித்து வைக்கிறது. கார்ன்ஃப்ளார் மொறுமொறுப்பைத் தருகிறது. கார்ன்ஃப்ளாரை மட்டும் போட்டால் மாவு கழன்று விழும், மைதாவை மட்டும் போட்டால் பஜ்ஜி ஆகிவிடும். மிதமான சூட்டில் ஒருமுறை பொரித்து ஆறவைத்து, பரிமாறும் நேரத்தில் நன்கு காய்ந்த எண்ணெயில் மறுபடி ஒரு நிமிடம் பொரித்தால் உள்ளீரம் பெருமளவு வெளியேறிவிடும். இவ்வளவும் செய்த பிறகும், விருந்தினர் தட்டோடு காத்திருக்கையில்தான் சாஸில் புரட்ட வேண்டும்.

சில்லி பனீர் இந்தத் தொல்லை எதையும் தருவதில்லை. பனீரில் காய்க்குள்ள அளவு நீர் இல்லை. சூட்டில் உருகிக் குலையவும் செய்யாது. உலர்ந்த கார்ன்ஃப்ளாரில் லேசாகப் புரட்டி, கொஞ்சம் எண்ணெயில் நான்கு பக்கமும் சிவக்க வறுத்தாலே போதும். மேலும், இதில் நாம் எதிர்பார்ப்பது மொறுமொறுப்பை அல்ல. மிருதுவான துண்டும், அதைப் பூசியிருக்கும் காரசாரமான சாஸும், பாதி வெந்த குடைமிளகாயின் கடிபடும் தன்மையும்தான். அதனால் இருபது நிமிடம் மூடாமல் வைத்திருந்தாலும் பெரிதாக எதுவும் குறைந்துவிடாது. அசைவம் உண்ணும் வீட்டில் சில்லி சிக்கனுக்கும் இதே கணக்குப் பொருந்தும். ஆனால் நெஞ்சுப் பகுதியை விட்டுத் தொடைப்பகுதி இறைச்சியை வாங்கி, முட்டை வெள்ளைக்கரு, கார்ன்ஃப்ளார், சிறிது சோயா சாஸ் கலந்து அரைமணி நேரம் ஊறவைக்க வேண்டும். தொடையில் கொழுப்பு இருப்பதால் திரும்பச் சூடாக்கினாலும் நார்நாராக வறண்டு போவதில்லை.

மும்பைக்காரர்கள் கோழி என்றதும் கேட்பது சிக்கன் லாலிபாப். இறக்கைத் துண்டின் சதையை எலும்பின் ஒரு முனைக்கு ஒதுக்கி உருட்டித் தரச் சொன்னால் இறைச்சிக் கடையிலேயே செய்து தருவார்கள். பிள்ளைகள் கையில் பிடித்துத் தின்பதற்கு இதைவிடத் தோதானது கிடையாது. ஆனால் எலும்பை ஒட்டிய சதை வேக நேரமாகும். எண்ணெய் அதிகம் காய்ந்திருந்தால் வெளியே கருகி, உள்ளே எலும்போரம் சிவந்து நிற்கும். மிதமான சூட்டில் எட்டிலிருந்து பத்து நிமிடம், ஒரு தடவைக்கு ஐந்தாறு துண்டுக்கு மேல் போடாமல் பொரிப்பதென்றால், ஆறு பேருக்கு அடுப்பை விட்டு நகரவே முடியாது. நான்கு பேர் வரை நல்ல தேர்வு. அதற்கு மேல் வேண்டாம்.

ஸ்பிரிங் ரோலைக் கடையில் வாங்கிய மாவுத்தாளில் சுற்றி முதல் நாளே உறைபெட்டியில் வைத்துவிடலாம் என்பது அதன் பெரிய நன்மை. ஹனி சில்லி பொட்டேட்டோ சூட்டோடு தின்றால் அருமை. ஆறினால் ஒட்டிக்கொண்டு கட்டியாகிவிடும்.

வயிறு நிறைக்கும் பண்டங்களில் உண்மையான போட்டி ஃப்ரைடு ரைஸுக்கும் ஹக்கா நூடுல்ஸுக்கும்தான். இங்கே அடுப்பின் வலிமை நேரடியாகத் தீர்ப்புச் சொல்கிறது. உணவகத்தின் அடுப்பு வாணலியின் அடியையும் பக்கங்களையும் தழுவி எரிகிறது. உள்ளே விழும் ஈரம் அந்த நொடியே ஆவியாகிறது. நம் வீட்டில் குழாய் எரிவாயு ஆனாலும் சிலிண்டர் ஆனாலும் சுடர் அடியை மட்டும்தான் தொடும். குளிர்ந்த நூடுல்ஸும் நறுக்கிய கோஸும் கேரட்டும் ஆறு பேர் அளவுக்கு ஒரே நேரத்தில் விழுந்தால் வாணலி சூட்டை இழக்கிறது, காய் நீர்விடுகிறது, அந்த நீரில் நூடுல்ஸ் மறுபடி வேகத் தொடங்குகிறது. பிறகு எவ்வளவு கிளறினாலும் இழை அறுந்து குழைவதே மிச்சம். இரண்டு பேர் அளவாகப் பிரித்து மூன்று தடவை செய்யலாம். ஆனால் முதல் தடவை செய்தது, மூன்றாவது முடிவதற்குள் ஆறி ஒட்டிக்கொள்ளும்.

சோற்றிலும் இதே இடர் உண்டு, ஆனால் அதைக் காலையிலேயே தீர்த்துவிட முடியும். வெந்த சோறு குளிர்ந்தால் அதன் மாவுச்சத்து மறுபடி இறுகி, ஒவ்வொரு பருக்கையும் தனித்தனியாக நிற்கும். இரண்டு விரல்களுக்கு நடுவே பருக்கையை வைத்து அழுத்தினால் வழுக்கி நசுங்காமல், முதலில் சற்று எதிர்த்து, பிறகு இரண்டாகப் பிளக்க வேண்டும். அதுதான் பதம். இப்படிப்பட்ட சோறு வாணலியில் நீர் விடாது; இரண்டு மூன்று தடவையாகச் செய்து ஒரே பாத்திரத்தில் சேர்த்து மூடி வைத்தாலும் கட்டியாகாது. அரிசியைப் பொறுத்தவரை பாஸ்மதியே பலருடைய தேர்வு. மும்பையில் அன்றாடச் சோற்றுக்கு வாங்கும் கோலம் அரிசி குழையும் இயல்புடையது. தண்ணீரைக் குறைத்து வடித்தால்தான் உதவும். ஆனால் தாராவித் தொண்ணூறடிச் சாலைப் பக்கம் நம்மவர் கடைகளில் கிடைக்கும் பொன்னிப் புழுங்கலரிசியை யாரும் கணக்கில் எடுப்பதில்லை என்பது எனக்கு வருத்தம். புழுக்கிக் காய்ந்த அரிசி என்பதால் பருக்கை ஒன்றோடொன்று எளிதில் ஒட்டாது. பாஸ்மதியின் மணம் இருக்காதுதான். ஆனால் சோயாவும் பூண்டும் வெங்காயத்தாளும் சேர்ந்த பிறகு அந்த மணம் எவ்வளவு மிஞ்சப்போகிறது?

ஒன்றில் மட்டும் அலட்சியம் கூடாது. சோற்றை வடித்ததும் அகலத் தட்டில் பரப்பி, ஒரு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைத்துவிட வேண்டும். பேசில்லஸ் சீரியஸ் என்னும் நுண்ணுயிரியின் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. மும்பைச் சூட்டில் மணிக்கணக்காக மேடையில் கிடக்கும் சோற்றில் அவை பெருகி நச்சை உண்டாக்கும். பிறகு எவ்வளவு வறுத்தாலும் அந்த நச்சு போகாது.

சோற்றுக்குத் துணையாகக் குழம்புப் பதத்தில் ஒரு பண்டம் இருந்தால் விருந்து நிறைவடையும். காய்கறி உருண்டைகளைப் போட்ட மஞ்சூரியன் கிரேவியும், ஹாட் கார்லிக் சாஸில் காய்களும் இந்த வகையில் மிகவும் பொறுமையானவை. மதியமே சாஸைத் தயாரித்து வைத்துவிட்டு, மாலையில் சூடேற்றிக்கொள்ளலாம். ஒன்றரைக் கோப்பை நீருக்கு ஒரு மேசைக்கரண்டி கார்ன்ஃப்ளாரைக் குளிர்ந்த நீரில் கரைத்து ஊற்ற வேண்டும். கொதித்துக் கண்ணாடிபோல் தெளிந்ததும் இறக்கிவிட வேண்டும். நெடுநேரம் கொதித்தாலும், வினிகரை முதலிலேயே சேர்த்துக் கொதிக்கவிட்டாலும் கெட்டித்தன்மை நீர்த்துவிடும் என்பதால், வினிகர் கடைசியில்தான். உருண்டைகளைத் தனியாக வைத்திருந்து பரிமாறும்போது சேர்த்தால் கரையாது. அமெரிக்கன் சாப்சூயியை நான் வீட்டுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். பொரித்த நூடுல்ஸ்மேல் சாஸை ஊற்றிய நொடியிலிருந்து அதன் ஆயுள் குறையத் தொடங்குகிறது.

பாத்திரத்தில் எனக்கு ஐயமே இல்லை: வறுப்பதற்குப் பழகிய இரும்பு வாணலி. நான்ஸ்டிக்கின் பூச்சு 260 பாகை செல்சியஸைத் தாண்டினால் சிதையத் தொடங்கும். சைனீஸ் வறுவலுக்கோ வெறும் வாணலியைப் புகை வரும்வரை காயவைக்க வேண்டியிருக்கிறது. ஊரிலிருந்து கொண்டுவந்த இருப்புச்சட்டி கனமாக இருப்பதால் அதைத் தூக்கிச் சுழற்ற முடியாதே என்று சிலர் தயங்குகிறார்கள். நம் சுடருக்குச் சுழற்றவே வேண்டாம். தூக்கினால் சூடுதான் போகும். அடுப்பிலேயே வைத்து, தட்டையான கரண்டியால் அடியிலிருந்து புரட்டினால் போதும். சோயா சாஸைச் சோற்றின்மேல் ஊற்றாமல், காய்ந்த வாணலியின் விளிம்பில் சுற்றி விட்டால், அது இரும்பைத் தொட்ட கணத்தில் சீறிச் சற்றுக் கருகி, உணவகத்தில் வரும் அந்தப் புகைமணத்தில் ஒரு பங்கையாவது தரும். வினிகர் சேர்ந்த கிரேவியை மட்டும் எவர்சில்வர் பாத்திரத்தில் செய்ய வேண்டும்; புளிப்பு இரும்பின் பழகிய பூச்சை அரித்துவிடும்.

இனி ஷெஸ்வான் சட்னி. மும்பையில் இது தோசைக்குள்ளும் ஏறிவிட்டது. எந்த மளிகைக் கடையிலும் புட்டியில் கிடைக்கிறது. அவசரத்துக்குப் புட்டியைக் குறை சொல்ல மாட்டேன், ஆனால் அதில் உப்பு தூக்கலாக இருப்பதால், அதைச் சேர்க்கும் நாளில் சோற்றுக்குத் தனியாக உப்புப் போடக் கூடாது. வீட்டில் செய்வது கடினமன்று. காம்பும் விதையும் நீக்கிய காஷ்மீரி மிளகாய் இருபதை வெந்நீரில் ஊறவைத்து அரைத்து, அரைக் கோப்பை நல்லெண்ணெயல்லாத எண்ணெயில் இருபது பல் பூண்டையும் ஒரு விரல் நீள இஞ்சியையும் பொடியாக நறுக்கி வதக்கி, விழுதைச் சேர்த்து எண்ணெய் பிரியும்வரை கிளறி, வினிகர், உப்பு, சிறிது சர்க்கரை போட்டு இறக்கினால் குளிர்பெட்டியில் இரண்டு வாரம் இருக்கும். சீனத்தின் சிச்சுவான் மாகாணப் பெயரைத் தாங்கியிருந்தும், நாக்கை மரத்துப்போகச் செய்யும் அந்த மாகாணத்து மிளகு பெரும்பாலும் நம் சட்னியில் இருப்பதில்லை. அந்த மிளகின் நெருங்கிய உறவான திர்ஃபள் மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே விளைகிறது. கொங்கணியர் மீன் குழம்பில் போடுவது அதுதான். மாட்டுங்கா, தாதர் பக்கம் கொங்கணிப் பண்டங்கள் விற்கும் கடைகளில் கேட்டால் கிடைக்கும். உள்ளிருக்கும் கருவிதையை எறிந்துவிட்டு, நான்கைந்து தோலை மட்டும் லேசாக வறுத்துப் பொடித்துச் சேர்த்துப் பார்க்கலாம். எந்தப் புட்டியும் தராத ருசி அது.

அஜினோமோட்டோ பற்றிக் கேட்காத விருந்தினர் இல்லை. 1908-இல் ஜப்பானிய வேதியியலர் கிகுனே இகேடா கடற்பாசிச் சாற்றிலிருந்து பிரித்தறிந்த சுவைக்குக் காரணமான குளுட்டமேட்டின் உப்புதான் அது. தக்காளியிலும் காளானிலும் சோயா சாஸிலும் குளுட்டமேட் இயல்பாகவே உண்டு. பெரியவர்கள் அளவோடு உண்பதில் அஞ்ச ஒன்றுமில்லை என்பதே உணவுப் பாதுகாப்பு அமைப்புகளின் நிலைப்பாடு. ஆயினும் சோயாவும் காளானும் இருக்கும் வாணலியில் அது தேவைப்படுவதில்லை என்பதால் நான் சேர்ப்பதில்லை. அதைவிடக் கவலைப்பட வேண்டியது உப்பைப் பற்றித்தான்: ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸிலேயே ஏறத்தாழ 900 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது, உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் நாள் வரம்பு 2,000 மில்லிகிராமுக்குக் கீழ். வீட்டில் இரத்த அழுத்தம் உள்ள பெரியவர் இருந்தால், அவருக்கான சோற்றைச் சாஸ் சேர்க்கும்முன்பே தனியாக எடுத்து வைத்துவிடலாம்.

பூண்டு சேர்க்காத வீடுகள் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் கணிசமாக உண்டு. பூண்டில்லாத ஷெஸ்வானையோ மஞ்சூரியனையோ முயல்வதை விட, இஞ்சியையும் பச்சை மிளகாயையும் வெள்ளை மிளகுத்தூளையும் முன்னிறுத்திய காய்கறி ஃப்ரைடு ரைஸும், இஞ்சி சோயா சாஸில் பனீரும் செய்வது எவ்வளவோ மேல். அவை எதையும் இழந்த பண்டங்களாகத் தோன்றா.

ஆக, ஆறு பேருக்கு என் தேர்வு சில்லி பனீர் அல்லது சில்லி சிக்கன், ஃப்ரைடு ரைஸ், ஒரு கிரேவி. காலையில் சோறு, மதியம் காய் நறுக்கலும் கிரேவியும், விருந்தினர் வருவதற்கு அரைமணி முன்பு ஃப்ரைடு ரைஸ் வறுத்து மூடி வைத்தல், அவர்கள் வந்து தண்ணீர் குடித்து உட்கார்ந்ததும் பனீர் என்று வரிசைப்படுத்தினால், கடைசிக் கால்மணி நேரம் மட்டுமே அடுப்படியில் நிற்க வேண்டியிருக்கும். குளிர்காலமாக இருந்து, கூட ஒரு கை உதவிக்கும் இருந்தால் பனீருக்குப் பதில் கோபிக்குப் போகலாம். ஹக்கா நூடுல்ஸை இரண்டு பேர் மட்டும் இருக்கும் இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பொட்டலத்தில் பாதியை முக்கால் வேக்காட்டில் எடுத்துக் குளிர்ந்த நீரில் அலசி, எண்ணெய் தடவி உலரவைத்து, நன்கு காய்ந்த வாணலியில் காயோடு மூன்று நிமிடம் புரட்டி நேரே தட்டில் கொட்டினால், வீட்டு அடுப்பிலும் அது குழையாமல் வரும்.